கழிவறையின் கழிவுக் குழாய் ஒழுகினால்: காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து சரிசெய்வது வரை

கழிவறையின் பின்பக்கம் ஈரம் தெரிந்ததும் பலரும் முதலில் தேடுவது சிலிக்கான் டியூப்பை. அது இல்லாவிட்டால் வெள்ளைச் சிமென்ட். இணைப்பைச் சுற்றித் தடவிவிட்டால் சில நாள் நிற்கும். அப்புறம் அதே இடத்தில் மறுபடி ஈரம், கூடவே நாற்றம்.

ஏன் நிற்பதில்லை என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தண்ணீர் வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். கழிவுக் குழாயில் அது கிடையாது. ஃப்ளஷ் செய்த சில நொடிகளில் எல்லாம் சரிந்து ஓடிவிடும், மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. அதனால்தான் ஒரு ரப்பர் வளையம் பசையே இல்லாமல் வருடக்கணக்கில் ஒழுகாமல் தாங்குகிறது. அப்படிப்பட்ட இணைப்பு ஒழுகத் தொடங்கினால், ஏதோ அசைந்திருக்கிறது, அல்லது கீழே எங்கோ அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது, அல்லது ரப்பர் காய்ந்து விறைத்துவிட்டது. இந்த மூன்றில் எதையும் வெளிப்பூச்சு சரிசெய்யாது. ஈரமான, வழுவழுப்பான பரப்பில் சிலிக்கான் ஒட்டுவதும் இல்லை.

ஆகவே முதலில் காரணத்தைப் பிடிக்க வேண்டும். பிறகுதான் கருவி.

கை வைக்கும் முன்

கழிவு நீரில் மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்கு போன்றவற்றைப் பரப்பும் கிருமிகள் இருக்கும். முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. சின்னக் குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் கதவைச் சாத்தி வையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழிவறை கழுவும் திரவங்களில் பல அமிலம் கலந்தவை. அவற்றோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. தரையைச் சுத்தம் செய்ய பிளீச் பயன்படுத்துவதாக இருந்தால், முன்பு ஊற்றிய அமிலத் திரவத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அதைத் தொடுங்கள். அடைப்பை நீக்கும் ரசாயனத்தைச் சமீபத்தில் ஊற்றியிருந்தால் குழாயைத் திறக்கவே வேண்டாம். உள்ளே தேங்கி நிற்கும் அந்தத் திரவம் தோலையும் கண்ணையும் சுட்டுவிடும்.

மாடி வீடாகவோ அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ இருந்தால், மேலே இருப்பவர்களின் கழிவும் அதே செங்குத்துக் குழாயில்தான் வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வேலை முடியும்வரை மேல்வீடுகளில் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. நேரில் போய்ச் சொல்லுங்கள். திறந்த குழாய்க்குக் கீழே நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து வந்தால் தடுக்க வழியே இல்லை.

ஒழுகுவது எது?

கோப்பையின் பின்னால் சொட்டும் தண்ணீர் எல்லாம் கழிவுக் குழாயிலிருந்து வருவதில்லை. ஃப்ளஷ் டேங்கின் அடியில் உள்ள வாஷர், டேங்கிலிருந்து கோப்பைக்கு வரும் பைப்பின் ரப்பர், டேங்குக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வு, அதில் மாட்டிய ஹோஸ் என்று நான்கைந்து இடங்கள் இருக்கின்றன. எல்லாத் தண்ணீரும் கடைசியில் தாழ்வான ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்து, கழிவுக் குழாய் மூட்டிலிருந்து சொட்டுவது போலவே தோன்றும். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பிக் கோப்பையைக் கழற்றிவிடாதீர்கள்.

முதலில் டேங்க் முதல் தரைவரை எல்லாவற்றையும் துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகமுள்ள மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பரை விரித்து வையுங்கள். மூட்டுகளின் மேல் கொஞ்சம் முகப் பவுடரைத் தூவினால் இன்னும் நல்லது; ஒரு சொட்டு வழிந்தாலும் கோடு தெரியும்.

இப்போது ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். யாரும் பயன்படுத்தாமலே ஈரம் வந்தால், அது அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்ப் பக்கத்துக் கசிவாக இருக்கலாம். ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, டேங்கையும் ஒருமுறை ஃப்ளஷ் செய்து காலியாக்கி, மறுபடி துடைத்துப் பாருங்கள். ஈரம் நின்றுவிட்டால் கழிவுக் குழாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிற்காமல் சொட்டினால், அதோடு நாற்றமும் இருந்தால், குழாய்க்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது பக்கெட் சோதனை. மற்ற எல்லாவற்றையும்விட நான் நம்புவது இதைத்தான். ஃப்ளஷைத் தொடாமல் 6 முதல் 8 லிட்டர் தண்ணீரை எடுத்து நேராகக் கோப்பைக்குள் வேகமாக ஊற்றுங்கள், விளிம்பில் படாமல். தண்ணீர் கழிவுக் குழாய் வழியாக மட்டுமே போகும். டேங்க், ஃப்ளஷ் பைப் பக்கம் எதுவும் நடக்காது. இப்போது பின்னால் ஈரம் வந்தால் கழிவுப் பக்கம்தான் பிரச்சினை. பக்கெட் தண்ணீரை ஊற்றும்போது ஒழுகாமல், ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் ஒழுகினால், ஃப்ளஷ் பைப் கோப்பைக்குள் நுழையும் இடத்து ரப்பரையோ டேங்கின் வாஷரையோ மாற்றினால் போதும். கோப்பையைக் கழற்ற வேண்டியதே இல்லை.

இரண்டு மூட்டுகள் நெருக்கமாக இருந்து குழப்பமாக இருந்தால், உணவில் சேர்க்கும் சிவப்பு நிறப்பொடியைப் பக்கெட் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். டிஷ்யூ பேப்பரில் எந்த இடம் முதலில் சிவக்கிறதோ அதுதான் இடம்.

கோப்பையிலேயே விரிசல் விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இரவு முழுக்கத் தொடாமல் விடுங்கள். காலையில் மட்டம் தெளிவாக இறங்கி, தரையும் ஈரமாக இருந்தால் பீங்கானில் விரிசல். அதை ஒட்டவைத்து நம்பக் கூடாது. ஆள் உட்காரும் பொருள் அது. உடைந்தால் சதையை ஆழமாகக் கிழிக்கும். கோப்பையை மாற்றுவதுதான் வழி.

கடைசியாக, கோப்பையின் இரண்டு பக்கமும் கை வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ஆள் உட்கார்ந்து எழும்போது அந்தச் சிறிய ஆட்டம்தான் பின்னாலுள்ள ரப்பரைத் தேய்த்திருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

தேங்கி நிற்கிறதென்றால் முதலில் அடைப்பு

ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் மேலே ஏறி மெதுவாக இறங்குவது, குளியலறைத் தரை வடிகாலில் குமிழி வருவது, ‘குளக் குளக்’ என்ற சத்தம், ஃப்ளஷ் செய்து நெடுநேரம் ஆகியும் மூட்டில் சொட்டு நிற்காதது எல்லாம் அடைப்பின் அறிகுறிகள். குழாய் காலியாக இருக்க வேண்டிய நேரத்தில் நிறைந்து நிற்கிறது. நல்ல இணைப்பும் அந்த நிலையில் கசியலாம்.

இப்படி இருக்கும்போது மூட்டைக் கழற்றினால் குழாயில் தேங்கியதெல்லாம் அறைக்குள் வரும். முதலில் பிளஞ்சரால் (ரப்பர் கிண்ணம் வைத்த கைக்கம்பு) அழுத்தி எடுக்கப் பாருங்கள். வரவில்லை என்றால், சுழற்றி உள்ளே தள்ளும் ஸ்பிரிங் கம்பியை விட்டுப் பாருங்கள். வெளியே திறக்கும் மூடியுள்ள எல்போ எனும் குழாய் வளைவோ ஆய்வுத் தொட்டியோ இருந்தால் அங்கிருந்து முயல்வது சுலபம். மூடியைத் திறக்கும்போது முகத்தை நேராக வைக்காதீர்கள், திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டாம். பிவிசி குழாய் சூட்டில் இளகி நெளிந்துவிடும்.

அடைப்பு நீங்கியதும் பக்கெட் சோதனையை மறுபடி செய்யுங்கள். சில சமயம் கசிவும் அத்தோடு நின்றுவிடும்.

பான் கனெக்டரை மாற்றுவது

கோப்பையின் கழிவு வாய் பின்பக்கமாகச் சுவரை நோக்கி வரும் வகைக்கு பி-ட்ராப் என்று பெயர். அந்த வாயையும் 110 மி.மீ. கழிவுக் குழாயையும் சேர்ப்பதுதான் பான் கனெக்டர்: ஒரு முனையில் கோப்பையின் வாயைக் கவ்வும் ரப்பர் உதடு, மறுமுனையில் குழாய்க்குள் நுழையும் ரப்பர் மடிப்புகள். கோப்பைக்குப் பின்னால் காணும் கழிவுக் கசிவுகளில் பெரும்பான்மை இங்கேதான். மாற்றுவதற்கு அரைநாள் ஒதுக்குங்கள்.

கனெக்டர் வாங்கும் முன் இரண்டு அளவு வேண்டும்: கோப்பை வாயின் வெளிவிட்டம் (பெரும்பாலும் 100 மி.மீ.யை ஒட்டி இருக்கும்), குழாயின் உள்விட்டம். கூடவே, இரண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நேராக இருந்தால் நேர் கனெக்டர். சற்று விலகியிருந்தால் ஆஃப்செட் கனெக்டர். 20, 40 மி.மீ. விலகலுக்கு ஏற்றவை தயாராகவே கிடைக்கின்றன. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும் மடிப்புக் குழாய் போன்ற வகையும் உண்டு. அதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். அதன் மடிப்புகளில் அழுக்கு தங்கும். நீளமாக இழுத்து மாட்டினால் நடுவில் தொய்ந்து, அங்கேயே தண்ணீர் நிற்கும்.

புது கனெக்டரோடு ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சிலிக்கானை அறுக்க மெல்லிய கத்தி, பெரிய ஸ்பாஞ்ச், பக்கெட், பழைய துணிகள், பாத்திரம் கழுவும் திரவம், கோப்பையைக் கிடத்தப் பழைய போர்வை இவ்வளவும் வேண்டும். துருப்பிடிக்காத புதுத் திருகாணிகளையும் வாங்கிவிடுங்கள். பழையவை கழற்றும்போதே உடைந்துபோவது சகஜம்.

1. ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். கோப்பைக்குள் நிற்கும் தண்ணீரைப் பிளஞ்சரால் உள்ளே தள்ளிவிட்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். முழுக்க எடுக்காவிட்டால் கோப்பையைச் சாய்க்கும்போது காலில் கொட்டும்.

2. டேங்க் கோப்பையின் மேலேயே உட்கார்ந்திருந்தால் ஹோஸைக் கழற்றி, டேங்கையும் எடுத்துவிடுங்கள். சுவரில் தனியாக இருந்தால் ஃப்ளஷ் பைப்பை மட்டும் கோப்பையிலிருந்து உருவினால் போதும்.

3. தரையைச் சுற்றிப் பூசிய சிலிக்கானையோ வெள்ளைச் சிமென்டையோ கத்தியால் முழுச் சுற்றும் அறுங்கள். பிறகு தரைத் திருகாணிகளைக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுங்கள். சுத்தியலால் தட்டவோ கோப்பையை நெம்பவோ வேண்டாம். பீங்கான் எச்சரிக்கை தராமல் உடையும்.

4. இரண்டு பேர் சேர்ந்து கோப்பையை நேராக முன்பக்கம் இழுங்கள். கோப்பை மட்டுமே 20 கிலோவுக்கு மேல் இருக்கலாம். டேங்கோடு சேர்ந்த ஒற்றைத் துண்டு வகை 40 கிலோவையும் தாண்டலாம். பக்கவாட்டில் திருகினால் கனெக்டர் குழாய்க்குள்ளேயே கிழிந்து தங்கிவிடும். வெளியே வந்ததும் போர்வை மேல் கிடத்துங்கள்.

5. குழாயின் வாயில் உடனே பழைய துணியைச் சுருட்டி அடையுங்கள். சாக்கடை வாயு அறைக்குள் வராமலிருக்கவும், திருகாணி எதுவும் உள்ளே விழாமலிருக்கவும்தான் இது. துணியின் ஒரு முனை நீளமாக வெளியே தொங்கட்டும். உள்ளே போய்விட்டால் அடுத்த அடைப்பு அதுதான்.

6. பழைய கனெக்டரை உருவி எடுங்கள். கோப்பை வாயிலும் குழாயின் உட்புறத்திலும் படிந்த கறை, சிலிக்கான், சிமென்ட் எல்லாவற்றையும் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். அவசரப்படக் கூடாத இடம் இது. நகத்தால் தடவினால் தட்டும் அளவுக்கு மேடு இருந்தாலும் ரப்பர் அங்கே முழுதாக உட்காராது. குழாயின் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்றும் விளக்கு வைத்துப் பாருங்கள். இருந்தால் கனெக்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

7. இப்போது எதையும் தடவாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கோப்பை தன் இடத்துக்கு வரும்போது கனெக்டர் இழுபடவும் கூடாது, நசுங்கவும் கூடாது. கழிவு போகும் திசையில் மேடு இருக்கக் கூடாது. மட்டமாகவோ சற்றுச் சரிவாகவோ இருக்க வேண்டும்.

8. ரப்பர் மடிப்புகளில் பாத்திரம் கழுவும் திரவத்தையோ சிலிக்கான் மசகையோ தடவி, அடைத்த துணியை எடுத்துவிட்டு, கனெக்டரைக் குழாய்க்குள் நேராக அழுத்துங்கள். கிரீஸ், வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருட்கள் வேண்டாம், பல வகை ரப்பரை அவை ஊதவைத்துக் கெடுக்கும். பிறகு கோப்பையின் வாயிலும் தடவி, ஒருவர் பின்னால் பார்த்துச் சொல்ல, மற்றவர் நேராகத் தள்ளுங்கள். ரப்பர் உதடு எங்கும் உள்பக்கம் மடங்கியிருக்கக் கூடாது. கையை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள்.

9. கோப்பை தரையில் ஆடாமல் நிற்கிறதா? ஆடினால் அடியில் பிளாஸ்டிக் ஷிம் (மெல்லிய ஆப்பு) வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். திருகாணித் துளை தளர்ந்திருந்தால் புது ஆங்கர் (துளைக்குள் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் உறை) போடுங்கள். திருகாணிகளை இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அசையாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்று போட்டால் பீங்கான் விரியலாம்.

சுவரில் தொங்கும் கோப்பைக்கும் இதே முறைதான். தரைத் திருகாணிக்குப் பதில் சுவரிலிருந்து வரும் இரண்டு போல்ட்டுகளின் நட்டுகளைக் கழற்ற வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியது இணைப்புக் குழாயின் நீளம். குட்டையாக இருந்தால் ரப்பருக்குள் போதிய அளவு நுழையாது. நீளமாக இருந்தால் கோப்பை சுவரோடு ஒட்டாமல் ஆடும்.

தரைக்குள் இறங்கும் எஸ்-ட்ராப்

கழிவு வாய் கோப்பைக்கு நேர் கீழே இறங்கினால் கசிவு பின்னால் தெரியாது. கோப்பையின் அடிப்பாகத்தைச் சுற்றித் தரையில் கசியும், அல்லது கீழ்த்தளக் கூரையில் கறையாகத் தெரியும். இந்த வகையில் கோப்பைக்கும் தரையிலுள்ள ஃப்ளாஞ்சுக்கும் (குழாயின் வாயில் பொருத்திய வளையத் தகடு) நடுவில் மெழுகு வளையம் அல்லது ரப்பர் வளையம் இருக்கும்.

கழற்றும் முறை மேலே சொன்னதுதான், ஆனால் கோப்பையை இழுக்காமல் நேர் மேலாகத் தூக்க வேண்டும். பழைய மெழுகை முழுக்கச் சுரண்டுங்கள். மெழுகு வளையத்தை மறுபடி பயன்படுத்தவே கூடாது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழும்பாது. ஃப்ளாஞ்ச் உடையாமல், தரையோடு இறுக்கமாக, டைல்ஸ் போட்டு முடித்த தரையின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய டைல்ஸின் மேல் புது டைல்ஸ் போட்ட வீடுகளில் ஃப்ளாஞ்ச் தாழ்ந்துபோய், வளையம் கோப்பையை எட்டாமலே நிற்கும். அங்கே உயரம் கூட்டும் வளையமோ தடித்த வளையமோ வேண்டும்.

புது வளையத்தை வைத்து, போல்ட்டுகளுக்கு நேராகக் கோப்பையை ஒரே மூச்சில் இறக்குங்கள். பாதியில் தூக்கி மறுபடி வைத்தால் மெழுகின் அச்சு கலைந்துவிடும், வேறு வளையம்தான் போட வேண்டும். இறக்கிய பின் உடல் எடையை மெதுவாகச் செலுத்தி அமுக்குங்கள்; ஆட்டி அமுக்க வேண்டாம்.

குழாயிலேயே விரிசல் இருந்தால்

வெயிலில் பல வருடம் நின்ற பிவிசி குழாய் நிறம் மங்கி, சுண்ணாம்பு போல் பொடி உதிர்ந்து, சிறு அடிக்கே விரியும். கிளாம்ப் இல்லாமல் தொங்கும் குழாய் எல்போவின் கழுத்தில் விரியும்.

இன்றிரவைத் தாண்டினால் போதும் என்றால், விரிசலைத் துடைத்துக் காயவைத்து, ரப்பர் ஷீட்டைச் சுற்றி, இரண்டு பக்கமும் ஸ்டீல் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். எபோக்சி புட்டியும் கொஞ்ச காலம் தாங்கும், பரப்பைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து ஈரமில்லாமல் ஒட்டினால். இரண்டையும் தற்காலிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாகச் செய்வதென்றால் விரிந்த துண்டை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டும் முன் அதற்கு மேலும் கீழும் கிளாம்ப் போட்டுக் குழாயைச் சுவரோடு பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் மேல் பகுதியின் எடை முழுதும் கீழே இறங்கும். விரிசல் முடியும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் 100 மி.மீ. தள்ளி, ஹேக்ஸாவால் நேராக வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கும்.

இங்கேதான் பலர் திகைத்து நிற்பார்கள். மேல் முனையும் கீழ் முனையும் அசையாமல் இருக்கும்போது, சாதாரண கப்ளிங்குக்குள் (இரண்டு குழாய் முனைகளைச் சேர்க்கும் உறை) புதுத் துண்டை நுழைக்க முடியாது. அதன் உள்ளே நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. நடுத்தடுப்பு இல்லாத ரிப்பேர் கப்ளிங் வேண்டும், அல்லது ஸ்டீல் பட்டையோடு வரும் ரப்பர் கப்ளிங். நான் ரப்பரைத்தான் சொல்வேன். இரண்டு கப்ளிங்குகளையும் பழைய முனைகளில் முழுதாக ஏற்றிவிட்டு, இடைவெளியில் புதுத் துண்டை வைத்து, கப்ளிங்குகளை மூட்டின் மேல் பாதிப் பாதியாக நகர்த்திப் பட்டைகளை இறுக்கினால் முடிந்தது. பசை காயக் காத்திருக்கவும் தேவையில்லை, தேவைப்பட்டால் திரும்பக் கழற்றவும் செய்யலாம்.

பசை மூட்டு போடுவதாக இருந்தால், அந்தச் சால்வென்ட் சிமென்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. அது இடைவெளியை நிரப்பும் பொருள் அல்ல. இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் திரவம். ஒழுகும் மூட்டின் வெளியே அதைத் தடவுவதால் எந்தப் பயனும் இல்லாததற்குக் காரணம் இதுதான். வெட்டிய விளிம்பின் பிசிறை எடுத்து, வெளிவிளிம்பைச் சற்றே சரிவாகத் தேய்த்து, பொருத்திப் பார்த்து அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். கிளீனரால் துடைத்து, உள்பக்கம் மெல்லிய பூச்சு, குழாயின் மேல் சற்றுத் தாராளப் பூச்சு. தள்ளிக்கொண்டே கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். டின்னில் அச்சிட்டிருக்கும் நேரம்வரை, முடிந்தால் ஒரு நாள், தண்ணீர் விடாதீர்கள். இதன் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பே கூடாது.

குழாயின் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். பிபி (பாலிப்ரொப்பிலீன்), எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன்) வகைக் குழாய்கள் இந்தப் பசைக்கு ஒட்டவே ஒட்டாது. ரப்பர் வளையமுள்ள மூட்டாக இருந்தால், சோப்புத் தடவி முழுதாகத் தள்ளி அடையாளம் போட்டு, அப்புறம் 10 மி.மீ. வெளியே இழுத்துவிடுங்கள். சூட்டில் குழாய் நீள்வதற்கு அந்த இடம் வேண்டும். படுக்கையாக ஓடும் குழாய்க்கு மீட்டருக்குச் சுமார் 20 மி.மீ. சரிவும், ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு கிளாம்ப்பும் இருக்கட்டும்.

தொடக் கூடாதவை

பழைய கட்டடங்களில் சிமென்ட் நிறத்தில், தடித்த, பிளாஸ்டிக் அல்லாத கழிவுக் குழாய் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருக்கலாம். வெட்டவோ தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். வார்ப்பிரும்புக் குழாயும் வீட்டு வேலை அல்ல; எடை மிக அதிகம், வெட்டினால் மேலுள்ள பகுதி சரிந்து ஆளின் மேல் விழும்.

குந்தி உட்காரும் கோப்பையில், கோப்பையும் ட்ராப்பும் (தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய்) சேரும் மூட்டு கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். அதைத் திறப்பதென்றால் தரையை உடைத்து, நீர்க்காப்புப் பூச்சையும் புதிதாகப் போட வேண்டும். அது கொத்தனாரும் பிளம்பரும் சேர்ந்து செய்யும் வேலை. ஆனால் அவர்களைக் கூப்பிடும் முன் ஒரு சோதனையை நீங்களே செய்துவிடலாம். கீழ்த்தளக் கூரையில் கறை இருந்தால், ஒரு நாள் குளியலறைத் தரை வடிகாலை அடைத்து, நிறம் கலந்த தண்ணீரைத் தரையில் மட்டும் சில மணி நேரம் தேக்குங்கள். அன்று கழிவறையைப் பயன்படுத்த வேண்டாம். கூரை நன்றாகக் காய்ந்த பின், வேறொரு நாள் வேறு நிறத்தைக் கோப்பையில் மட்டும் ஊற்றுங்கள். எந்த நிறம் கீழே வருகிறது என்பதை வைத்துத் தரையின் பூச்சு போயிருக்கிறதா, கழிவு மூட்டு போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். தவறான இடத்தை உடைத்துவிட்டு மறுபடி உடைக்கும் செலவை இந்தச் சோதனை தடுக்கும்.

சோதனை, பிறகே பூச்சு

எல்லாம் பொருத்திய பின் உடனே ஃப்ளஷ் செய்யாதீர்கள். முதலில் அரை பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றி மூட்டைப் பாருங்கள். அப்புறம் ஒரு முழு பக்கெட் வேகமாக. அதுவும் தாங்கினால் டேங்க் நிரம்ப நிரம்ப ஐந்தாறு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். கடைசியாக ஒருவர் கோப்பையில் உட்கார்ந்து உடலைச் சற்று அசைக்கட்டும். அதே நேரம் இன்னொருவர் பக்கத்தில் விளக்கோடு பின் மூட்டைப் பார்க்கட்டும், கூடவே ஒரு ஃப்ளஷ். எடை ஏறும்போதுதான் சில கசிவுகள் வெளியே வரும்.

தரையையும் சுவரையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். கருவிகளுக்கும் இதேதான். கையுறையைக் கழற்றிய பின் கைகளைச் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

மூட்டுக்கு அடியில் புது டிஷ்யூ பேப்பரை வைத்து ஒரு வாரம் தினமும் பாருங்கள். காய்ந்தே இருந்தால் அதன் பிறகு கோப்பையின் அடியைச் சுற்றிச் சிலிக்கான் பூசலாம். பின்பக்கம் ஒரு விரல் அகலம் மட்டும் பூசாமல் விடுங்கள். என்றைக்காவது உள்ளே கசிந்தால், தண்ணீர் தரைக்கடியில் தேங்காமல் அந்த வழியாக வெளியே வந்து கண்ணில் படும்.